வழிப்பயணியா? பாக்கியவதியா?

நம்முடைய சபைகளில் பியாட்ரிஸ் என்ற பெயருள்ள அக்காமாரும் பாட்டிமாரும் உண்டு. கூப்பிட்டுக் கூப்பிட்டு நமக்குப் பழகிப்போன பெயர். ஆனால் அதன் பொருள் என்ன? இத்தாலி தேசத்தார் இதைப் பெயாட்ரிச்சே என்று சொல்லுவார்கள். நான் தேடிப் பார்த்தபோது, இந்த ஒரே பெயருக்குள் இரண்டு அர்த்தங்கள் இருக்கக் கண்டேன்.

முதலாவது, வழிப்பயணி. லத்தீன் மொழியில் 'வியா' என்றால் வழி. வழியில் நடக்கிற பெண்ணுக்கு 'வியாட்ரிக்ஸ்' என்று பெயர். இந்த உலகம் நமக்குச் சொந்த ஊர் இல்லை, நாம் கடந்துபோகிறவர்கள் என்று விசுவாசித்த ஆதிக் கிறிஸ்தவர்கள் இந்தப் பெயரை விரும்பி வைத்தார்கள். எபிரெயர் 11:13-ஐ வாசித்தால் காரணம் விளங்கும்.

இரண்டாவது, பாக்கியவதி. லத்தீனில் 'பெயாட்டுஸ்' என்றால் பாக்கியம் பெற்றவர். மத்தேயு 5-ம் அதிகாரத்தின் பாக்கிய வசனங்கள் லத்தீன் வேதாகமத்தில் இந்தச் சொல்லைக் கொண்டே ஆரம்பிக்கின்றன. காலப்போக்கில் 'வ'வும் 'ப'வும் ஜனங்களின் நாவில் நெருங்கிவிட்டன. பாக்கியம் என்ற சொல்லும் சேர்ந்து இழுக்க, வியாட்ரிக்ஸ் பெயாட்ரிக்ஸ் ஆனாள். வழிப்பயணி பாக்கியவதியானாள்!

ரோமாபுரியில் இந்தப் பெயருள்ள ஒரு இரத்தசாட்சி இருந்தாள். டயோக்ளீஷியன் ராயனுடைய நாட்களில், சுமார் 303-ம் ஆண்டில், விசுவாசத்திற்காகக் கொல்லப்பட்ட அவளுடைய இரண்டு சகோதரரின் உடல்களை டைபர் நதியில் எறிந்துவிட்டார்களாம். அவள் பயப்படாமல் அவற்றை எடுத்து அடக்கம் பண்ணினாள். பின்பு அவளுடைய நிலத்தின்மேல் ஆசை வைத்த ஒருவன் காட்டிக்கொடுக்க, அவளும் மரித்தாள் என்று பாரம்பரியம் சொல்லுகிறது. அவளை வணங்க அல்ல, அவளுடைய விசுவாசத்தைக் கவனிக்கவே இதை எழுதுகிறேன்.

பிற்காலத்தில், 1290-ல் இளவயதில் மரித்த புளோரன்ஸ் நகரத்துப் பெயாட்ரிச்சேயைக் கவிஞர் தாந்தே தம்முடைய பெருங்காவியத்தில் பரலோகப் பயணத்துக்கு வழிகாட்டியாக நிறுத்தினார். அதனால் இந்தப் பெயர் உலகமெங்கும் அறியப்பட்டது.

"ஐயா, இந்தப் பெயர் வேதாகமத்திலே இல்லையே, ஞானஸ்நானம் எடுக்கும்போது மாத்திடலாமா?" என்று சிலர் கேட்கிறார்கள். மாற்ற வேண்டியதில்லை, அம்மா. பெயர் வேதத்தில் இல்லாவிட்டாலும் அதன் இரண்டு பொருளும் வேதத்தில் இருக்கிறதே! சங்கீதம் 84:5-ஐத் திறந்து பாருங்கள். இருதயத்தில் வழியைக் கொண்டிருக்கிறவர்களே அங்கே பாக்கியவான்கள். வழியும் பாக்கியமும் ஒரே வசனத்தில்!

பிரியமானவர்களே, ஒன்றைக் கவனியுங்கள். அந்தப் பெயர் முதலில் பயணத்தைச் சொன்னது, பிறகுதான் பாக்கியத்தைச் சொன்னது. நமக்கோ பாக்கியம் மட்டும் வேணும், நடக்கத்தான் மனசில்லை. பியாட்ரிஸ் என்று பெயர் இருந்தாலும் இல்லாவிட்டாலும், இன்று நாம் வழியில் நடக்கிறோமா, வழியோரத்தில் உட்கார்ந்துவிட்டோமா? எழுந்து நடப்போம். ஆமென்.