பழைய பயணத்தைப் புதிய கைக்குத் தருகிறவர்களுக்கு

பழைய ஆர்பிஜி ஒன்றைக் கையடக்கக் கருவிக்காக மறுபடி செய்யக் கிளம்பியிருக்கும் தம்பிகளுக்கும் தங்கைகளுக்கும் இதை எழுதுகிறேன். படத்தை மெருகேற்றுவது இந்த வேலையில் சிறு பங்குதான். பழைய ஆட்டத்தில் ஆடுபவர் பட்ட பாட்டில் எது இயந்திரத்தின் போதாமையால் வந்தது, எது ஆக்கியவர் மனமறிந்து வைத்தது என்று பிரித்தறிவதே பெரும் பங்கு. முன்னதைத் தயங்காமல் எடுத்துவிடலாம். பின்னதைக் கலைத்தால் ஆட்டத்தின் உயிர் போய்விடும்.

1. பழையதை முழுக்க ஆடி முடித்த பிறகே வேலையில் உட்காருங்கள்.

பழைய கருவியிலேயே ஆடுங்கள். முடியாவிட்டால் எமுலேட்டரில் ஆடலாம், ஆனால் நினைத்த இடத்தில் சேவ் செய்யும் வசதியையும் வேகமாக ஓட்டும் வசதியையும் அணைத்துவிடுங்கள். எங்கே பயந்தீர்கள், எங்கே சலித்தீர்கள், எந்த இடத்தில் காகிதம் எடுத்து வரைபடம் போட்டீர்கள் என்று அன்றன்றே குறித்துவையுங்கள். 1990-இல் ஃபேமிகாமில் வந்த ‘ஃபைனல் ஃபேன்டசி 3’-இன் கடைசி டன்ஜனை எடுத்துக்கொள்ளுங்கள். அவ்வளவு நீளத்துக்கும் நடுவில் சேவ் செய்ய ஓர் இடம் கிடையாது. 2006-இல் நின்டெண்டோ டிஎஸ்ஸுக்காக மேட்ரிக்ஸ் சாஃப்ட்வேர் அதை மறுஆக்கம் செய்தபோதும் அங்கே சேவ் இடம் வைக்கவில்லை. அது சரியா தவறா என்று சொல்லும் தகுதி, அந்தப் படிகளில் ஒருமுறையாவது தோற்று முதலிலிருந்து ஏறியவருக்குத்தான் உண்டு.

2. பிழையைத் திருத்துங்கள், கணக்கைக் கலைக்காதீர்கள்.

இதுதான் எல்லாவற்றிலும் கடினம். 1987-இல் வந்த முதல் ‘ஃபைனல் ஃபேன்டசி’யில் பாத்திரங்களுக்கு ‘அறிவு’ என்று ஓர் எண் உண்டு. அது மந்திரத்தின் வலிமையைக் கூட்டவே இல்லை. தாக்கும் பலத்தை ஏற்றவேண்டிய மந்திரங்கள் சிலவும் வேலை செய்யவில்லை. இவை வெறும் நிரல் பிழைகள், பின்னால் வந்த மறுஆக்கங்கள் சரிசெய்தன. அதில் யாருக்கும் மறுப்பு இருக்க முடியாது.

இப்போது இதைப் பாருங்கள். அதே ஆட்டத்தில் மந்திரங்கள் 8 நிலைகளாக இருக்கும். ஒவ்வொரு நிலைக்கும் இத்தனை முறை என்று ஓர் அளவு, அதிகபட்சம் 9. தீர்ந்தால் சத்திரத்திலோ, வெளியே ‘ஹவுஸ்’ என்ற குடிலைப் போட்டோ தூங்கி எழுந்தால்தான் மறுபடி கிடைக்கும். டன்ஜனுக்குள் சேவ் கிடையாது. வழியில் மந்திரச் சக்தியை மீட்கும் மருந்தும் கிடையாது, செத்தவரை எழுப்பும் மருந்தும் கிடையாது. ஆகவே சதுப்புக் குகைக்குள் இறங்குகிறவர் ஒவ்வொரு சண்டையிலும் ஒரு கணக்குப் போடுகிறார்: இந்த நெருப்பை இங்கே செலவழித்தால் கீழே காவல் இருப்பவனுக்கு என்ன மிஞ்சும், ஜெயித்தபின் வெளியே நடந்து வரத் தெம்பு இருக்குமா? திரும்பி வரும் வழியும் அந்தக் கணக்கில் சேர்ந்தது.

2004-இல் கேம் பாய் அட்வான்ஸுக்கு ‘டான் ஆஃப் சோல்ஸ்’ என்று இதைச் செய்தபோது, அந்த அளவுமுறையை எடுத்துவிட்டு எம்பி என்ற ஒரே பொதுக் கையிருப்பாக மாற்றினார்கள். அதை நிரப்பும் மருந்தையும் சேர்த்தார்கள், எங்கும் சேவ் செய்யலாம் என்றும் வைத்தார்கள். தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொன்றும் நல்ல எண்ணத்தில் செய்ததுதான். மூன்றும் சேர்ந்தபோது குகைக்குள் போகிறவருக்குக் கணக்குப் போட ஒன்றுமே மிஞ்சவில்லை. பையில் மருந்து இருக்கும்வரை நடக்கலாம். அதற்கு முன் 2000-இல் வந்த ஒண்டர்ஸ்வான் கலர் பதிப்பு படங்களைப் புதுப்பித்தது, ஆனால் மந்திர அளவுமுறையை அப்படியே காத்தது. என்னைக் கேட்டால் இரண்டில் அதுவே மேலான மறுஆக்கம். வீட்டில் வைத்துப் படிக்க வேண்டியதும் அதுவே.

இதற்கு மறுபக்கமும் உண்டு. 1990-இன் ‘டிராகன் குவெஸ்ட் 4’-இல் ஐந்தாம் அத்தியாயத்தில் கூட்டாளிகளுக்கு நீங்கள் நேரடியாகக் கட்டளையிட முடியாது. பொதுவான உத்தியை மட்டும் சொல்லலாம், அவரவர் தம் போக்கில் சண்டை போடுவார்கள். ஒவ்வொருவரும் தனித்தனி அத்தியாயத்தில் வாழ்ந்துவிட்டு வந்து சேர்ந்த மனிதர்கள், அவர்களுக்கென்று மனம் இருக்கிறது என்பதற்கு இது பொருந்தத்தான் செய்தது. நடைமுறையில் பூசாரி கிளிஃப்ட் பெரிய எதிரிகள்மேலும் பலிக்காத மரண மந்திரத்தையே திரும்பத் திரும்ப ஏவி ஜப்பான் முழுக்கப் பேர் வாங்கினார். பின்னால் வந்த மறுஆக்கங்களும், 2007-இன் டிஎஸ் பதிப்பும் தானியங்கும் உத்திகளை வைத்துக்கொண்டே நேரடிக் கட்டளையையும் சேர்த்தன. எண்ணம் பிழைத்தது, எரிச்சல் போனது. இப்படித்தான் செய்ய வேண்டும்.

3. ஓர் எண்ணை மாற்றினால் அது எங்கெல்லாம் போய் முட்டும் என்று பாருங்கள்.

ஃபேமிகாமில் ‘ஃபைனல் ஃபேன்டசி 3’-இன் எதிரிகள் கூட்டமாக வருவார்கள். டிஎஸ்ஸில் எல்லாம் முப்பரிமாண உருவங்கள், கருவி தாங்காது. ஆகவே ஒரு சண்டைக்கு 3 எதிரிகள்தான் என்று முடிவானது. எண்ணிக்கை குறைந்ததும் ஒவ்வோர் எதிரியையும் பலப்படுத்த வேண்டிவந்தது. பெரிய எதிரிகள் ஒரு சுற்றுக்கு இரண்டு முறை தாக்கத் தொடங்கினார்கள். இரண்டு அடியைத் தாங்க வேண்டுமென்றால் குணப்படுத்தும் ஆளின் வேலையே மாறிவிடுகிறது. கூட்டத்தின்மேல் பரவும் மந்திரத்துக்கு மதிப்புக் குறைகிறது. பழையதில் நிஞ்ஜாவும் முனிவரும் மற்றத் தொழில்களையெல்லாம் விழுங்கிவிட்டார்கள். அதையும் இந்தச் சாக்கில் சமன்செய்தார்கள். ஓவியர் ஒருவர் உருவத்தை மாற்றினால் எண்களைப் பார்க்கிறவர் ஆறு மாதம் உழைக்க வேண்டும் என்பதை முதல் கூட்டத்திலேயே சொல்லிவிடுங்கள்.

4. நேரத்தைத்தான் முதலில் மாற்ற வேண்டும்.

தொலைக்காட்சி முன்னால் ஆடியவர் ஒரு மாலை முழுவதையும் கொடுத்தார். கையில் வைத்து ஆடுகிறவர் ரயில் அடுத்த நிலையத்துக்கு வரும்வரைதான் கொடுப்பார். டிஎஸ்ஸின் மூடியைச் சாத்தினால் ஆட்டம் தூங்கிவிடும். அந்த ஒரு வசதி ஆர்பிஜிக்குச் செய்த நன்மை பெரிது. அதற்கு மேலும் செய்யலாம். விட்ட இடத்தில் தொடங்க ஒரு தற்காலிக சேவ் கொடுங்கள், தொடங்கியதும் அது அழிந்துவிடட்டும். வசதியும் கிடைக்கும், தோல்வியின் அச்சமும் கெடாது.

காத்திருக்க வைப்பதை மட்டும் மன்னிக்கவே மாட்டார்கள். 2007-இல் பிஎஸ்பியில் வந்த ‘ஃபைனல் ஃபேன்டசி டாக்டிக்ஸ்: த வார் ஆஃப் த லயன்ஸ்’ புதிய மொழிபெயர்ப்பும் அழகான அசைபடக் காட்சிகளும் கொண்டது. ஆனால் மந்திரம் ஏவும்போதெல்லாம் ஆட்டம் மெதுவாகிவிடும். சண்டையே ஆட்டமாக இருக்கும் ஒன்றில் இது சிறு குறையல்ல. பிறகு வந்த ஐபோன் பதிப்பில்தான் தீர்ந்தது.

2010-இன் ‘டாக்டிக்ஸ் ஓகர்’ மறுஆக்கத்தில் இதற்கு நேர்மாறான துணிச்சல். 1995-இல் மூல ஆட்டத்தைச் செய்த யசுமி மட்சுனோவே திரும்பி வந்து உழைத்த பதிப்பு அது. சண்டையில் 50 நகர்வுகள் வரை பின்னோக்கிப் போகலாம். கதையை முடித்தபின், பிரிந்த கிளைகளுக்குத் திரும்பி மாற்றுவழியில் நடக்கலாம். மூன்று வழியையும் பார்க்க ஆட்டத்தை மூன்று முறை முதலிலிருந்து ஆடு என்று கேட்பது கையடக்கக் கருவிக்கு நியாயமில்லை என்று புரிந்துகொண்டு செய்த வேலை. அதே பதிப்பில் லெவலை ஆளுக்கு வைக்காமல் தொழிலுக்கு வைத்தார்கள். புதிய தொழில் ஒன்று கிடைத்தால் அது லெவல் 1-இல் தொடங்கும், பாதி ஆட்டம் தாண்டியபின் அதைத் தூக்கிச் சுமக்க வேண்டும். 2022-இன் ‘ரீபார்ன்’ பதிப்பில் அதைக் கைவிட்டார்கள். பெரியவர்கள் செய்ததிலும் ஏற்க வேண்டியது, தள்ள வேண்டியது இரண்டும் இருக்கும்.

5. திரை சிறியது. சுருக்காதீர்கள், மறுபடி அடுக்குங்கள்.

சூப்பர் ஃபேமிகாமின் படம் 256-க்கு 224. கேம் பாய் அட்வான்ஸுக்கு 240-க்கு 160. உயரத்தில் 64 வரிகள் போய்விட்டன. எழுத்தைச் சுருக்கினால் படிக்க முடியாது, காட்சியை வெட்டினால் தூரத்தில் இருக்கும் கதவு தெரியாது. ஒவ்வோர் அறையையும் கையால்தான் சீரமைக்க வேண்டும். 2008-இல் டிஎஸ்ஸுக்கு வந்த ‘குரோனோ டிரிகர்’ கட்டளைப் பட்டியலைக் கீழ்த்திரைக்கு இறக்கி மேல்திரையைச் சண்டைக்கே விட்டுக்கொடுத்தது. எளிய முடிவு, நல்ல முடிவு.

வண்ணத்தையும் கவனியுங்கள். 2001-இல் வந்த முதல் அட்வான்ஸுக்குத் திரைவிளக்கே கிடையாது. அதனால் வண்ணங்களைத் தூக்கிப் பளிச்சென்று வைத்தார்கள். விளக்குள்ள திரைகள் வந்ததும் அதே படங்கள் வெளிறித் தெரிந்தன.

6. ஒலிக்குத் தனியாக ஆளும் நாளும் ஒதுக்குங்கள். சூப்பர் ஃபேமிகாமில் இசைக்கென்றே சோனி செய்த 8 தடச் சில்லு இருந்தது. அட்வான்ஸில் அந்த வேலையை மையச் செயலியே கூடுதலாகச் சுமந்தது. அதனால் நொபுவோ உஎமாட்சுவின் ‘ஃபைனல் ஃபேன்டசி 6’ இசை அந்தக் கருவியில் மெலிந்து ஒலிக்கிறது. நாடக அரங்கக் காட்சியைக் கேட்டால் தெரியும். 2009-இன் போகிமான் ‘ஹார்ட்கோல்டு’, ‘சோல்சில்வர்’ ஆட்டங்களில் பழைய கேம் பாய் இசையையே ஒலிக்கவிடும் ஒரு பொருளை ஆடுபவரின் பையில் வைத்தார்கள். எனக்கு மிகவும் பிடித்த மரியாதை அது.

7. எதையாவது இழந்தே ஆகவேண்டும் என்றால், இழப்பை மறைக்காமல் அந்த இடத்தில் புதிதாக ஒன்றை நடுங்கள்.

2006-இல் பிளேஸ்டேஷன் 2-இல் வந்த ‘பெர்சோனா 3’-ஐ அட்லஸ் 2009-இல் பிஎஸ்பிக்குக் கொண்டுவந்தது. யுஎம்டி வட்டின் கொள்ளளவு 1.8 ஜிபி. ஊருக்குள்ளும் பள்ளிக்குள்ளும் முப்பரிமாணத்தில் நடப்பதை எடுத்துவிட்டு, அசையாத படத்தின்மேல் சுட்டியை நகர்த்திப் போகும்படி செய்தார்கள். அனிமே காட்சிகள் போயின. நடந்து திரிந்த ஊர் வெறும் படமாகிவிட்டதே என்று வருந்தியவர்கள் உண்டு, அந்த வருத்தம் நியாயமானது. ஆனால் விட்ட இடத்தில் என்ன வைத்தார்கள் என்று பாருங்கள். பெண் நாயகி ஒருத்தி, அவளுக்கென்று உரையாடல்கள், அவளுக்கென்று நட்புகள், புதிய இசை. கூட்டாளிகளுக்கு நேரடிக் கட்டளையும் கிடைத்தது. அந்த நாயகி 2024-இன் ‘பெர்சோனா 3 ரீலோடு’ ஆட்டத்தில் இல்லை. அவள் எங்கே என்று கேட்டவர்கள் ஏராளம். குறுகிய இடத்தில் பிறந்த ஒன்றுக்காகப் பெரிய கருவியில் ஆடுகிறவர்கள் ஏங்கினார்கள் என்றால், அந்தக் குழு தன் வேலையை எவ்வளவு அன்போடு செய்திருக்க வேண்டும்.

8. கூடுதல் சரக்கைத் தண்டனையாக வைக்காதீர்கள். 2008-இல் டிஎஸ்ஸுக்கு வந்த ‘ஃபயர் எம்பளம்: ஷேடோ டிராகன்’ ஆட்டத்தில் புதிய கிளை அத்தியாயங்கள் உண்டு. படை 15 பேர் அல்லது அதற்குக் கீழே குறைந்தால்தான் அவற்றில் பெரும்பாலானவை திறக்கும். செத்த வீரர் திரும்ப வராத தொடர் அது. ஒவ்வொருவரையும் பொத்திக் காப்பாற்றுவதே அதன் அறம். காப்பாற்றியவருக்குக் கதவு மூடியிருக்கிறது. நல்ல ஆட்டக்காரரை வேண்டுமென்றே தன் ஆட்களைச் சாகவிட வைக்கும் விதியை எந்த நாளும் எழுதாதீர்கள்.

9. நாளை நின்றுபோகக்கூடிய சேவையின்மேல் எதையும் கட்டாதீர்கள். டிஎஸ்ஸின் ‘ஃபைனல் ஃபேன்டசி 3’-இல் வெங்காய வீரன் என்ற தொழிலைப் பெற, நண்பர்களுடன் கடிதம் பரிமாற வேண்டும். அதற்கான வழி நின்டெண்டோவின் வைஃபை சேவை. அந்தச் சேவை 2014 மே 20 அன்று நிறுத்தப்பட்டது. 1990-இல் ஆட்டம் தொடங்கும்போதே நால்வருக்கும் இருந்த தொழில், இன்று அந்தக் கார்ட்ரிட்ஜை வாங்கித் தனியாக ஆடும் குழந்தைக்கு எட்டாமல் கிடக்கிறது. பிற்காலப் பதிப்புகளில் அந்த நிபந்தனையை நீக்கினார்கள்.

10. எழுத்துக்கு முதல் நாளே இடமும் பணமும் ஒதுக்குங்கள்.

அதே ‘ஃபைனல் ஃபேன்டசி 3’-இன் மூலத்தில் நாயகர் நால்வருக்கும் பெயரே கிடையாது. டிஎஸ்ஸில் லூனெத், ஆர்க், ரெஃபியா, இங்கஸ் என்று பெயரும் ஊரும் கொடுத்தார்கள். தொடக்கத்தில் அவர்கள் பேசுகிறார்கள். பாதி வழியில் ஏறக்குறைய மௌனமாகிவிடுகிறார்கள். பேர் வைத்தால் கடைசிவரை பேச்சும் கொடுக்க வேண்டும், முடியாவிட்டால் பெயரில்லாமலே விட்டிருக்கலாம் என்பது என் கருத்து. ‘டிராகன் குவெஸ்ட் 4’-இன் ஆங்கில டிஎஸ் பதிப்பில் நடந்தது இதைவிட வருத்தம். வழியெங்கும் கூட்டாளிகள் பேசிக்கொண்டே வரும் பேச்சை ஜப்பானியர் கேட்டார்கள், ஆங்கிலத்தில் ஆடியவர்கள் கேட்கவில்லை. பிறகு வந்த கைபேசிப் பதிப்பில்தான் அது சேர்ந்தது.

11. பழைய நிரல் கிடைத்தால் அதை வரிவரியாகப் படிக்கத் தெரிந்த ஒருவரைக் குழுவில் வையுங்கள். போகிமான் முதல் ஆட்டங்களின் சண்டை நிரலை, விளக்கக் குறிப்பு ஏதுமில்லாமல், சடோரு இவாட்டா படித்துப் புரிந்து ஏறத்தாழ ஒரு வாரத்தில் நின்டெண்டோ 64-க்கு மாற்றினார். அப்போது அவர் ஒரு நிறுவனத்தின் தலைவர். சேதத்தைக் கணக்கிடும் வாய்பாடுகளைத் தாளில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். ஓவியரும் எழுத்தாளரும்கூட அதைப் பார்க்கட்டும்.

12. மாதம் ஒருமுறை இரண்டு பேரை உட்காரவைத்து ஆடச் சொல்லுங்கள். ஒருவர் பழையதை மனப்பாடமாக அறிந்தவர், இன்னொருவர் பெயர்கூடக் கேள்விப்படாதவர். உண்மைக் கருவியில், வெளிச்சத்தில், நின்றுகொண்டும் ஆடட்டும். பக்கத்தில் இருந்து விளக்கம் சொல்லாதீர்கள். முதலாமவர் முகம் சுளிக்கும் இடமும் இரண்டாமவர் கருவியைக் கீழே வைக்கும் இடமும் ஒன்றாக இருந்தால், மறுநாள் காலை வேறு எதையும் தொடாமல் அந்த இடத்தைத் திருத்துங்கள். இரண்டும் வேறுவேறாக இருந்தால், நீங்கள் முதல் வாரத்தில் எழுதிய குறிப்புகளை எடுத்துப் பாருங்கள். எது போதாமை, எது எண்ணம் என்று அங்கே உங்கள் கையெழுத்தில் இருக்கும், அதைவைத்து முடிவெடுங்கள்.