ஐப்பசி மாதமும் நம் குடும்பமும்

 

ஐப்பசி பிறந்துவிட்டால் காவிரிப் பாசனக் கிராமங்களில் யாருக்கும் நிற்க நேரம் இருக்காது. சம்பா வயலில் களை எடுக்க வேண்டும், மேலுரம் போட வேண்டும். குறுவை அறுத்த நிலத்தில் தாளடி நடவு நடக்கும். நடுவில் தீபாவளி வரும். பௌர்ணமியில் சிவன் கோயிலில் அன்னாபிஷேகம், மாதக் கடைசியில் மாயூரத்தில் கடைமுகம். இவ்வளவுக்கும் மேலே அடைமழை.

இந்த அவசரத்தில் முதலில் தள்ளிப்போவது எது? வீட்டுப் பெண்ணின் உடம்புதான். "நடவு முடியட்டும்", "தீபாவளி போகட்டும்", "மழை விடட்டும்" என்று மூன்று தவணை சொல்வதற்குள் கார்த்திகை வந்துவிடுகிறது. வயலில் மேலுரத்தை ஒரு மாதம் தள்ளிப் போடுவோமா? பயிர் என்ன ஆகும் என்று நமக்குத் தெரியும். உடம்பும் அப்படித்தான். பருவத்தில் செய்ய வேண்டியதைப் பருவத்தில் செய்ய வேண்டும்.

திண்ணையில் ஒரு பேச்சு

ஒரு வீட்டில் மகன், மருமகள், மாமியார் மூவரும் இருக்கிறார்கள். கைக்குழந்தைக்கு ஏழு மாதம். மருமகள் நடவுக்குப் போய்விட்டு அப்போதுதான் வந்திருக்கிறாள். கிராம சுகாதார செவிலியர் வருகிறார்.

மாமியார்: வாங்க நர்சம்மா, ஒக்காருங்க. ஈரமா இருக்கு, இந்தப் பாயில ஒக்காருங்க.

செவிலியர்: இருக்கட்டும்மா. என்னம்மா, நடவுக்குப் போயிட்டு வர்றியா? குழந்தை யார்கிட்ட இருந்துச்சு?

மருமகள்: அத்தைகிட்டதான். காலையில பால் குடுத்துட்டுப் போனா, மூணு மணிக்குத்தான் வர முடியுது. நடுவுல கஞ்சி, பருப்புச் சோறு மசிச்சு ஊட்டுறாங்க.

செவிலியர்: நல்லது. ஆறு மாசம் முடிஞ்சா அதெல்லாம் குடுக்கணும். சரி, பிரசவத்துக்கு அப்புறம் தீட்டு வந்துச்சா?

மருமகள்: இன்னும் இல்லீங்க.

செவிலியர்: அடுத்த கர்ப்பம் தரிக்காம இருக்க ஏதாவது வழி பண்ணியிருக்கீங்களா?

மாமியார்: பால் குடுக்கிற வரைக்கும் தரிக்காதே நர்சம்மா. தீட்டே வரலையே, அப்புறம் என்ன பயம்?

செவிலியர்: நீங்க சொல்றதுல பாதி உண்மை இருக்கும்மா. மூணு விஷயம் ஒண்ணா இருந்தாத்தான் தாய்ப்பால் காப்பாத்தும். குழந்தைக்கு ஆறு மாசம் முடியக் கூடாது. ராத்திரி பகல் தாய்ப்பால் மட்டுமே குடுக்கணும். தீட்டு வந்திருக்கக் கூடாது. இதுல ஒண்ணு தவறினாலும் நம்ப முடியாது. உங்க வீட்டுல ரெண்டு தவறிடுச்சு. குழந்தைக்கு ஏழு மாசம், சோறும் குடுக்குறீங்க.

கணவன்: தீட்டு வராம எப்படீங்க தரிக்கும்?

செவிலியர்: தீட்டு வர்றதுக்குச் சுமார் ரெண்டு வாரம் முன்னாடியே கருமுட்டை வெளியாயிடும் தம்பி. அந்த நேரத்துல சேர்ந்தா, தீட்டு வராமலேயே கர்ப்பமாயிடலாம். நாலு மாசம் ஆகி வயிறு தெரிஞ்ச பிறகுதான் பல பேரு எங்ககிட்ட வர்றாங்க.

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு மாமியாரே சொன்னார்:

"நெசந்தான். எனக்கு மூத்தவனுக்கும் அடுத்ததுக்கும் ஒரு வருஷங்கூட இடைவெளி இல்ல. அதுவும் ஒரு ஐப்பசி நடவுலதான் தரிச்சுது. ஆடியில பொறந்துச்சு, எலிக்குஞ்சு மாதிரி. இருபது நாள்கூடத் தங்கல. என் உடம்புல தெம்பே இல்ல அப்ப. சாமி குத்தம்னு நெனச்சுக்கிட்டோம்."

மருமகள் மாமியாரின் கையைப் பிடித்துக்கொண்டாள். மறு புதன்கிழமை கணவனும் மனைவியும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனார்கள். முதலில் சிறுநீர்ப் பரிசோதனை செய்தார்கள். கர்ப்பம் இல்லை என்று தெரிந்தது. மருத்துவரிடம் கேட்டுத் தங்களுக்கு ஏற்ற முறையைத் தேர்ந்துகொண்டார்கள்.

ஏன் இடைவெளி வேண்டும்?

ஒரு பிரசவத்தில் தாயின் உடம்பிலிருந்து இரத்தமும் சத்தும் நிறையப் போகின்றன. பால் கொடுக்கும்போதும் சத்து செலவாகிறது. இழந்ததை உடம்பு திரும்பச் சேர்க்க அவகாசம் வேண்டும். பிரசவம் ஆகிக் குறைந்தது 2 ஆண்டுகள் கழித்தே அடுத்த கர்ப்பம் தரிப்பது நல்லது. அப்போது இரண்டு குழந்தைகளுக்கும் நடுவே ஏறக்குறைய 3 ஆண்டு இடைவெளி கிடைக்கும்.

இடைவெளி இல்லாவிட்டால் தாய்க்கு இரத்தசோகை வருகிறது. வயிற்றுப் பிள்ளை குறை மாதத்தில் அல்லது எடை குறைவாகப் பிறக்கலாம். மடியில் இருக்கும் பிள்ளையும் சீக்கிரமே பால் மறந்து இளைத்துப் போகிறது. மூன்று உயிருக்கும் நஷ்டம்.

மாதக் கணக்குப் பார்ப்பது நமக்குப் புதிதல்ல. ஆடியில் தரித்தால் சித்திரைக் கோடையில் பிரசவமாகும் என்றுதானே புதுப்பெண்ணை ஆடிக்குத் தாய்வீடு அழைத்துப் போகிறார்கள்? அந்த ஒரு மாதக் கணக்கை 2 வருஷக் கணக்காக நீட்டிப் பாருங்கள்.

தலை தீபாவளித் தம்பதிகளுக்கு

தலை தீபாவளிக்கு வரும் பெண்ணிடம் "ஏதாவது விசேஷம் உண்டா?" என்று கேட்பது ஊர் வழக்கம். பெண்ணுக்கு 20 வயது நிறைவதற்கு முன் முதல் கர்ப்பம் வேண்டாம். உடம்பு முழு வளர்ச்சி அடைந்த பிறகு சுமப்பதே தாய்க்கும் பிள்ளைக்கும் பாதுகாப்பு. பெரியவர்களே, கேள்வி கேட்டு அவசரப்படுத்தாதீர்கள். மாப்பிள்ளைகளே, மனைவியை விட்டுக் கொடுக்காமல் "கொஞ்ச நாள் ஆகட்டும்னு நாங்க ரெண்டு பேருந்தான் முடிவு பண்ணியிருக்கோம்" என்று நீங்களே பதில் சொல்லுங்கள்.

என்னென்ன வழிகள் உண்டு?

அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் இவை இலவசம்.

1. ஆணுறை: நிரோத் என்ற பெயரில் 1968 முதல் நம் நாட்டில் வழங்கப்படுகிறது. ஒவ்வொரு முறையும் புதிதாக ஒன்றைப் பயன்படுத்த வேண்டும். பால்வினை நோய்களையும் தடுக்கும்.

2. காப்பர்-டி: கருப்பையில் வைக்கும் சிறு சாதனம். 10 ஆண்டு வரை வேலை செய்யும் வகையும், 5 ஆண்டு வகையும் உள்ளன. பிரசவமான 48 மணி நேரத்துக்குள்ளும் வைத்துக்கொள்ளலாம். முதல் சில மாதம் தீட்டு சற்று அதிகம் போகலாம். பிள்ளை வேண்டும்போது எடுத்துவிட்டால் மறுபடியும் கருத்தரிக்கலாம்.

3. அந்தரா ஊசி: 3 மாதத்துக்கு ஒரு முறை. பிரசவமாகி 6 வாரம் கழித்து, பால் கொடுக்கும் தாயும் போட்டுக்கொள்ளலாம். தீட்டு தாறுமாறாக வரலாம், நின்றும் போகலாம். அதனால் கெட்ட இரத்தம் உள்ளே தங்கிவிடாது. ஊசியை நிறுத்திய பின் கருத்தரிக்கச் சில மாதம் ஆகும்.

4. சாயா மாத்திரை: முதல் 3 மாதம் வாரம் இரண்டு, அதன் பிறகு வாரம் ஒன்று. பால் கொடுக்கும் தாய்க்கும் ஏற்றது. நாள் தவறக் கூடாது.

5. நிரந்தர முறை: "இனிக் குழந்தை போதும்" என்று இருவரும் முடிவு செய்தவர்களுக்கு. பெண்களுக்கு உள்ளது போல ஆண்களுக்கும் உண்டு. ஆண்களுக்கான தழும்பில்லாக் கருத்தடைச் சிகிச்சையில் கத்தி இல்லை, தையல் இல்லை. சில நிமிடங்களில் முடிந்து அன்றே வீடு திரும்பலாம். இரண்டு நாள் ஓய்வுக்குப் பின் இலேசான வேலை பார்க்கலாம். பளு தூக்க ஒரு வாரம் போகட்டும். ஆண்மைக் குறைவோ உடல் பலக் குறைவோ வராது. ஆனால் 3 மாதம் வரை ஆணுறை பயன்படுத்தி, பிறகு விந்துப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும்.

எந்த முறை, எப்போது, எத்தனை பிள்ளை என்பதை நீங்கள் இருவரும்தான் தீர்மானிக்க வேண்டும். யாரும் கட்டாயப்படுத்தக் கூடாது. சந்தேகத்தைக் கேட்டுத் தெளிந்த பிறகு முடிவு செய்யுங்கள்.

கர்ப்பிணித் தாய்மார்களுக்கு

வயிற்றில் பிள்ளையோடு குனிந்து நாற்று நடுவது கடினம். இந்த மாதமாவது பளுவான வேலையிலிருந்து விலக்கி வையுங்கள். பகலில் சற்று நேரம் இடது பக்கம் சாய்ந்து படுக்க வேண்டும்.

இரத்தத்தில் ஹீமோகுளோபின் 11 கிராமுக்குக் குறைந்தால் இரத்தசோகை. நான்காம் மாதம் முதல் தினம் ஒரு இரும்புச்சத்து மாத்திரை, குறைந்தது 180 நாள் சாப்பிட வேண்டும். மாத்திரையோடு டீ, காப்பி குடித்தால் சத்து உடம்பில் சேராது. எலுமிச்சைச் சாறு குடித்தால் நன்றாகச் சேரும். மலம் கருப்பாகப் போனால் பயப்பட வேண்டாம். முருங்கைக்கீரை, பயறு, முட்டை, மீன் சேர்த்துக்கொள்ளுங்கள். கடைசிப் பந்தியில் மிஞ்சியதைச் சாப்பிடும் பழக்கத்தைக் கர்ப்பிணி விட்டுவிட வேண்டும்.

2018 நவம்பர் 16 அன்று, ஐப்பசிக் கடைசியில், கஜா புயல் வேதாரண்யம் அருகே கரை கடந்தது. மரங்கள் விழுந்து சாலைகள் அடைபட்டன. அப்படிப்பட்ட இரவில் வலி கண்டால் என்ன செய்வது? ஆகவே பிரசவ நாள் நெருங்கியவர்கள், புயல் எச்சரிக்கை வந்த உடனே மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும். கர்ப்பிணி அட்டை, துணிமணி ஆகியவற்றை ஒரு பையில் தயாராக வையுங்கள். தீராத தலைவலி, கண் மங்கல், முகம் வீங்குதல், இரத்தப்போக்கு, நீர் உடைதல், பிள்ளை அசைவு குறைதல் ஆகியவற்றில் ஒன்று கண்டாலும் 108க்குப் போன் செய்யுங்கள்.

மழைக்காலத்தில் பிள்ளைகள்

* நடவுக்குப் போகும் தாய், கொதிநீரில் கழுவிய எவர்சில்வர் கிண்ணத்தில் பாலைப் பீய்ச்சி மூடி வைக்கலாம். 4 மணி நேரத்துக்குள் பாலாடையால் புகட்ட வேண்டும். புட்டி வேண்டாம். வீடு வந்ததும் கை, மார்பு கழுவிவிட்டுப் பால் கொடுக்கவும்.

* வயிற்றுப்போக்கு வந்தால் பாலையும் சாப்பாட்டையும் நிறுத்தக் கூடாது. கொதித்து ஆறிய 1 லிட்டர் நீரில் ஒரு பொட்டலம் ஓ.ஆர்.எஸ். கரைத்து அடிக்கடி கொடுங்கள். கரைத்ததை 24 மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது. துத்தநாக மாத்திரையை 14 நாளும் கொடுக்க வேண்டும். போக்கு நின்றாலும் நிறுத்த வேண்டாம். கண் குழி விழுந்தால், குழந்தை துவண்டால் உடனே ஆஸ்பத்திரி.

* டெங்குக் கொசு நல்ல தண்ணீரில் முட்டையிடும், பகலில் கடிக்கும். தொட்டி, குடம், உரல், கொட்டாங்கச்சி, பழைய டயர் எல்லாவற்றையும் வாரம் ஒரு முறை கவிழ்த்துத் தேய்த்துக் கழுவுங்கள்.

* தீபாவளி எண்ணெய்க் குளியலின்போது கைக்குழந்தையின் மூக்கிலும் காதிலும் எண்ணெய் விடாதீர்கள். நுரையீரலுக்குள் போனால் சளிக்காய்ச்சல் வரும்.

* பட்டாசு சுட்டால் 20 நிமிடம் சுத்தமான தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருங்கள். இங்க்கு, மாவு, பற்பசை எதுவும் பூச வேண்டாம்.

கணவன்மார்களுக்கு ஒரு வார்த்தை

நடவில் அவளும் உங்களோடு சமமாகச் சேற்றில் நிற்கிறாள். வீடு வந்ததும் நீங்கள் திண்ணையில் உட்காருகிறீர்கள், அவள் அடுப்பங்கரைக்குப் போகிறாள். இந்த மாதம் தண்ணீர் எடுப்பதையும் விறகு சேர்ப்பதையும் நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள். அவளைச் சுகாதார நிலையத்துக்கு அழைத்துப் போகும் நாளில் அரை நாள் கூலி போகலாம். அதைச் செலவாக எண்ண வேண்டாம். குடும்பத்துக்கு இட்ட மேலுரம் என்று எண்ணுங்கள்.

இருவரும் சேர்ந்து யோசியுங்கள்

1. நம் கடைசிக் குழந்தைக்கு இப்போது எத்தனை மாதம்? அடுத்தது எப்போது வேண்டும்?
2. தாய்ப்பால் கர்ப்பத்தைத் தடுக்க வேண்டுமானால் என்ன மூன்று நிபந்தனைகள்? நம் வீட்டில் மூன்றும் உண்டா?
3. இரும்புச்சத்து மாத்திரை வீட்டில் இருக்கிறதா? தினம் சாப்பிடப்படுகிறதா?
4. அடுத்த தடுப்பூசி நாள் எது? குழந்தைக்கு 9 மாதம் முடிந்ததும் தட்டம்மை-ருபெல்லா ஊசி போட்டாயிற்றா?
5. நடவு முடியட்டும் என்று நாம் எதைத் தள்ளிப் போட்டிருக்கிறோம்?

ஐந்தாவது கேள்விக்கு என்ன பதில் வந்தாலும், அந்த வேலையை இந்த வாரமே முடித்துவிடுங்கள். மேலும் விவரம் அறிய உங்கள் கிராம சுகாதார செவிலியரைக் கேளுங்கள். 104 எண்ணிலும் ஆலோசனை பெறலாம்.

பருவத்தே பயிர் செய்வோம்! இடைவெளி விட்டுப் பெறுவோம்! தாயும் சேயும் நலமாய் வாழ்வோம்!