மூஸ் வேட்டைக்குப் போகும் தம்பிக்கு

அன்புள்ள தம்பி,

வேட்டை உரிமம் கைக்கு வந்துவிட்டது, இந்த இலையுதிர்காலத்தில் கனடாவின் வட ஒன்ராறியோவுக்கு மூஸ் என்ற பெரிய மானை வேட்டையாடப் போகும் குழுவில் இடமும் கிடைத்துவிட்டது, எந்தத் தோட்டாவுக்கான ரைபிள் வாங்கட்டும் என்று கேட்டு எழுதியிருந்தாய். கடைக்காரர் .300 வின்செஸ்டர் மேக்னம் என்கிறார், கூட வேலை செய்பவர் .30-06 என்கிறார், குழம்பிப் போயிருக்கிறேன் என்றும் எழுதியிருந்தாய். முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறேன். .308 வின்செஸ்டர் வாங்கு. 165 அல்லது 180 கிரெய்ன் எடையில், வேட்டைக்கென்றே செய்த நல்ல குண்டுள்ள தோட்டாவைப் போடு. உன் முதல் சில பருவங்களில் 150 மீட்டருக்கு அப்பால் நிற்கும் எதையும் சுடாதே. இவற்றுக்கான காரணங்கள்தான் மீதிக் கடிதம்.

இதை உனக்கு மட்டும் எழுதாமல் எல்லோரும் படிக்க எழுதுகிறேன். புலம்பெயர்ந்த நம் பிள்ளைகள் பலர் இப்போது வேட்டைக்குப் போகிறார்கள். இலங்கையின் வன்னியில் மரையும் பன்றியும் வேட்டையாடிய பாட்டன்மாரின் கதைகளைக் கேட்டிருக்கிறார்கள். ஆனால் அந்தப் பாட்டன்மாரின் பக்கத்தில் உட்கார்ந்து தொழில் பழக அவர்களுக்கு வாய்க்கவில்லை. நடுவில் ஒரு தலைமுறையைப் போர் தின்றுவிட்டது.

நீ பிறந்து வளர்ந்த கீழ்புத்துப்பட்டை நினைத்துக்கொள். கிழக்குக் கடற்கரைச் சாலையோரம் நம் அகதி முகாம், மஞ்சனீஸ்வரர் ஐயனார் கோயில், கோயிலைச் சுற்றி உலர் பசுமைமாறாக் காடு. வடக்கே போனால் மரக்காணத்து உப்பளங்கள். அந்தப் பக்கத்துக் கழுவெளி ஏரி 2021-இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. இந்தியாவில் 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டமும், பின்னர் 1991-இல் வந்த திருத்தமும் உரிமம் வாங்கி விலங்கு வேட்டையாடும் வழியையே அடைத்துவிட்டன. காடும் விலங்கும் அந்த அளவுக்குக் குறைந்துபோயிருந்தன. ஆகவே அந்த ஊரில் உனக்குத் துவக்கு பழக வழியே இல்லை. ஒன்ராறியோவில் நிலைமை வேறு. எத்தனை மூஸ் இருக்கின்றன என்று கணக்கெடுத்து, பகுதி பகுதியாகப் பிரித்து, புள்ளி முறையில் அனுமதிச் சீட்டு தருகிறார்கள். அந்தச் சீட்டு ஓர் உயிரை எடுக்க உனக்குத் தரும் அனுமதி. அந்த உயிரை எப்படி எடுப்பது என்பது உன் பொறுப்பு.

ஒழுக்கமான வேட்டை எது என்று கேட்டால் நான் ஒரே அளவுகோலைத்தான் சொல்வேன். அடிபட்ட கணத்துக்கும் உயிர் பிரியும் கணத்துக்கும் இடையே எவ்வளவு நேரம்? தமிழ்நாட்டில் காட்டுப்பன்றிக்கு வைக்கிற அவுட்டுக்காயை நீ கேள்விப்பட்டிருப்பாய். தீனிக்குள் வெடிமருந்தை ஒளித்து வைப்பார்கள். அதை யானை கடித்துவிட்டால் வாயும் நாக்கும் சிதைந்து, தின்னவும் குடிக்கவும் முடியாமல் நாள்கணக்கில் பட்டினி கிடந்து சாகும். வன்னியில் தடத்தில் கட்டி வைத்த கட்டுத்துவக்கும் அப்படித்தான். எது வருகிறது, எங்கே படுகிறது என்று அதற்குத் தெரியாது. கையில் உரிமமும் விலையுயர்ந்த ரைபிளும் வைத்துக்கொண்டு, எட்டாத தூரத்தில் நிற்கும் விலங்கின் வயிற்றில் சுடுகிறவனும் அதே துன்பத்தைத்தான் தருகிறான்.

தவறிய குண்டின் பாவம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ஜிம் கார்பெட் எழுதிவைத்த சாட்சி ஒன்று உண்டு. குமாவோன் மலையில் சம்பாவத் பெண்புலியை அவர் 1907-இல் சுட்டு வீழ்த்தினார். நேபாளத்திலும் குமாவோனிலும் சேர்த்து அது 436 பேரைக் கொன்றதாகக் கணக்கு. இறந்து கிடந்த புலியின் வாயைத் திறந்து பார்த்தபோது வலப்பக்கக் கோரைப்பற்கள் இரண்டும் உடைந்திருந்தன. மேற்பல் பாதியாகவும், கீழ்ப்பல் எலும்பு வரையிலும். யாரோ எப்போதோ சுட்ட குண்டால் வந்த ஊனம் அது. அதனால்தான் இயல்பான இரையைப் பிடிக்க முடியாமல் அது மனிதரைத் தேடி வந்தது என்பது கார்பெட்டின் முடிவு. சுட்டவர் காயம்பட்ட புலியைத் தேடிப் போய் முடித்திருந்தால் அத்தனை உயிரும் பிழைத்திருக்கும்.

இனி தோட்டாவுக்கு வருவோம்.

குண்டு விலங்கைத் தள்ளி வீழ்த்துவதில்லை. படத்தில் காட்டுவது பொய். இரண்டு நுரையீரலையும் அல்லது இதயத்தையும் துளைத்து, இரத்த ஓட்டத்தை நிறுத்தி, மூளைக்குப் போகும் காற்றை அறுப்பதால்தான் உயிர் போகிறது. அதற்குக் குண்டு இரண்டு வேலை செய்ய வேண்டும். தோலையும் விலாவையும் தாண்டி ஆழமாகப் போக வேண்டும். போகும் வழியில் முனை விரிந்து அகலமான காயம் உண்டாக்க வேண்டும். ஆழம் போகாத குண்டு தோள்பட்டையிலேயே சிதறும். விரியாத குண்டு ஊசி குத்தினதுபோல மறுபக்கம் போய்விடும், விலங்கு மைல் கணக்கில் ஓடிப்போய் எங்கோ சாகும். இராணுவத்துக்குச் செய்த முழு உறைக் குண்டு இரண்டாவது வகை. .308-இன் கூடப் பிறந்ததான 7.62 இராணுவத் தோட்டா மலிவாகக் கிடைக்கும். காகிதக் குறியில் பழகுவதற்கு மட்டும் அதை வைத்துக்கொள், காட்டுக்குக் கொண்டுபோகாதே.

வளர்ந்த ஆண் மூஸ் 400 கிலோவைத் தாண்டும். அதைப் பார்த்துத்தான் எல்லோரும் மேக்னம் வேண்டும் என்கிறார்கள். ஸ்வீடனில் மூஸ் வேட்டை ஊர்த் திருவிழா. அங்கே நூறாண்டுக்கு மேலாக 6.5×55 என்ற சாதுவான தோட்டாவால் மூஸ் வீழ்த்துகிறார்கள். அந்நாட்டுச் சட்டம் பெருவிலங்குக்குக் கேட்பது இவ்வளவுதான்: குண்டு 10 கிராமுக்குக் குறையாவிட்டால் 100 மீட்டரில் 2,000 ஜூல் ஆற்றல் போதும், 9 கிராம்தான் என்றால் 2,700 ஜூல் வேண்டும். கனத்த குண்டு ஆழமாகப் போகும் என்பதால்தான் அந்தச் சலுகை. .308-இன் 165 கிரெய்ன் குண்டு 10 கிராமைத் தாண்டும், 180 கிரெய்ன் குண்டு 11 கிராமைத் தாண்டும். 180 கிரெய்ன் குண்டு குழல்வாயை விட்டுக் கிளம்பும்போது ஏறத்தாழ 3,700 ஜூல். 100 மீட்டரிலும் அந்தச் சட்டம் கேட்பதைவிட நிறையவே மிஞ்சும்.

மற்றவற்றையும் சொல்கிறேன். 1955-இல் வந்த .243 வின்செஸ்டர் வெள்ளைவால் மானுக்கு அருமையானது, மூஸுக்குக் குண்டு மிக இலேசு. 1906-இல் பிறந்த .30-06 எதற்கும் குறைந்ததில்லை, .308-ஐவிடக் கொஞ்சம் வேகம், கொஞ்சம் உதை. அதை ஏற்கெனவே வைத்திருக்கிறவன் மாற்ற வேண்டியதில்லை. .303 பிரிட்டிஷ் ரைபிளைக் கனடாவின் வடக்கே எத்தனையோ குடும்பங்கள் தலைமுறையாக வைத்து மூஸ் வீழ்த்தியிருக்கின்றன. .300 வின்செஸ்டர் மேக்னம் 4,700 ஜூலுக்கு மேல் தரும். தூரத்தில் நிற்கும் விலங்குக்கு அதனால் பலன் உண்டு. ஆனால் அதன் பின்னுதைப்பு .308-ஐப் போல ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. புதிதாகச் சுடுகிறவனின் உடம்பு நாலைந்து வெடிக்குள் அந்த உதையைக் கற்றுக்கொள்ளும். பிறகு விசையை இழுக்கும் முன்பே கண் மூடும், தோள் சுருங்கும், குழல் கீழே சாயும். அந்த ஒரு சுருக்கம்தான் நெஞ்சுக்கு வைத்த குறியை வயிற்றில் கொண்டுபோய் வைக்கிறது. வயிற்றில் பட்ட மேக்னம் குண்டைவிட நுரையீரலில் பட்ட .308 எந்நாளும் மேல்.

ரைபிள் வாங்கும் பணத்தில் தோட்டாவுக்கும் ஒரு பங்கு ஒதுக்கு. மேசையில் மணல்மூட்டை வைத்துக் குறியை நேராக்கியதும் மேசையை விட்டு எழுந்துவிடு. காட்டில் மேசை கிடையாது. மண்டியிட்டு, சப்பணமிட்டு உட்கார்ந்து, மரத்தில் சாய்ந்து, சற்று ஓடிவந்து மூச்சு வாங்கும்போதும் சுட்டுப் பழகு. 20 செ.மீ. காகிதத் தட்டை வைத்துக்கொண்டு, எந்தத் தூரம் வரை ஐந்துக்கு ஐந்தும் அதற்குள் விழுகிறதோ அதுவே உன் எல்லை. அதற்கு மேல் ஒரு மீட்டரும் இல்லை. நார்வேயில் பெருவிலங்கு வேட்டைக்காரர் ஒவ்வோர் ஆண்டும் சுடும் தேர்வில் தேற வேண்டும். 100 மீட்டரில் ஐந்து குண்டும் 30 செ.மீ. வட்டத்துக்குள் விழாவிட்டால் அந்த ஆண்டு வேட்டை இல்லை. உன்னிடம் யாரும் அதைக் கேட்கமாட்டார்கள். நீயே உன்னிடம் கேள்.

தூரத்தை ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்றால், 100 மீட்டரில் குறி நேராக்கிய .308 குண்டு 200 மீட்டரில் ஏறத்தாழ அரைச் சாண் கீழே போகும், 300 மீட்டரில் ஒரு முழம் போகும். காற்றும் தள்ளும். அந்தக் கணக்கெல்லாம் பழகினவர்களுக்கு. உனக்கு இப்போது தேவை பொறுமையும் மெதுவான காலும்.

விலங்கு பக்கவாட்டில் நிற்கும்வரை காத்திரு. முன்னங்காலின் பின்கோட்டைப் பிடித்து மேலே வா. உடம்பின் உயரத்தில் கீழிருந்து மூன்றிலொரு பங்குக்குச் சற்று மேலே, தோளை ஒட்டிப் பின்னால். அங்கேதான் சுட வேண்டும். தலை காட்டினால் சுடாதே. பின்புறம் காட்டினால் சுடாதே. கிளைக்கு நடுவே தெரிந்தால் சுடாதே. பின்னால் என்ன இருக்கிறது என்று தெரியாவிட்டால் சுடவே சுடாதே.

சுட்டதும் உடனே அடுத்த தோட்டாவை ஏற்று. நுரையீரலில் பட்ட மூஸ் ஒன்றும் நடக்காததுபோல நின்றுகொண்டிருக்கும். நிற்கிறதே என்று மயங்காமல் அதே இடத்தில் மறுபடி சுடு. கண்ணை விட்டு மறைந்தால் கடைசியாக நின்ற இடத்தை மரத்தோடு அடையாளம் வைத்துக்கொண்டு அரை மணி நேரம் அசையாமல் இரு. பிறகு போய் இரத்தத்தைப் பார். நுரை கலந்த இளஞ்சிவப்பு என்றால் நுரையீரல், கிட்டத்தில் கிடக்கும். கறுத்த சிவப்பு என்றால் ஈரல், பொறுத்துப் போ. பச்சையாக, செரித்த இலையின் வாடையோடு இருந்தால் குடல். பல மணி நேரம் விட்டுவிட்டுத்தான் தொடர வேண்டும், அவசரப்பட்டு விரட்டினால் இன்னும் தொலைவுக்கு ஓடி வீணாய்ச் சாகும். கிடைக்கும்வரை தேடு. குழுவில் யாராவது போதும் வா என்றால் நீ போகாதே.

ஈயத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஈயக் குண்டு விரியும்போது கண்ணுக்குத் தெரியாத துகள்களாய் இறைச்சிக்குள் சிதறும். அந்த இறைச்சியை உன் அக்காவின் பிள்ளைகள் தின்னப்போகிறார்கள். விட்டுவந்த குடலைக் கழுகும் காக்கையும் தின்னப்போகின்றன. கலிபோர்னியா 2019 ஜூலை 1 முதல் வேட்டையில் ஈயத் தோட்டாவை முற்றாகத் தடை செய்துவிட்டது. உன் மாகாணம் கேட்காவிட்டாலும் செப்புக் குண்டையே வாங்கு. செப்பில் 150 கிரெய்னும் ஆழமாகப் போகும். எந்தத் தோட்டாவுக்கு மாறினாலும் குறியை மறுபடி நேராக்காமல் காட்டுக்குப் போகாதே.

சட்டத்தையும் நன்றாகப் படி. ஒன்ராறியோவில் பெருவிலங்குக்கு விளிம்பில் வெடிக்கும் சிறு தோட்டா ஆகாது. தெற்கே சில பகுதிகளில் மானுக்கு ரைபிளே ஆகாது. தின்னத்தக்க இறைச்சியை அழுக விடுவது குற்றம். வேட்டை இறைச்சியை விற்கவும் கூடாது. வன்னியில் வேட்டைக்குப் போனவன், போகாதவன் என்று பாராமல் அயலட்டைக்கெல்லாம் பங்கு போகும். அந்த வழக்கத்தை விடாதே.

கடைசியாக உன் அம்மா. துவக்கு என்றால் நம் வீடுகளில் வேறு நினைவு. அவர் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. ரைபிளை வீட்டுக்குக் கொண்டுவரும் முன்பே அவரிடம் சொல். குண்டு ஏற்றாமல், பூட்டி வைக்க வேண்டும் என்பது கனடாவின் சட்டம். தோட்டாவை வேறிடத்தில் பூட்டி வை, இரண்டு பூட்டையும் அவருக்குக் காட்டு. அவர் மனம் ஒப்பவில்லை என்றால் இந்த ஆண்டு குழுவோடு வெறுங்கையாகப் போய் வா. தடம் பார்க்கவும், காற்றின் திசை அறியவும், இறைச்சி அறுக்கவும் பழகலாம். வேட்டையில் பாதி அதுதான்.

.308 வாங்கு, தம்பி. மிச்சப் பணத்தில் தோட்டா வாங்கிக் கோடை முழுவதும் சுட்டுப் பழகு. ஐந்துக்கு ஐந்தும் தட்டில் விழாத வரை சீட்டைச் சட்டைப்பையிலேயே வைத்திரு. மூஸ் அடுத்த ஆண்டும் வரும்.

அன்புடன்,
உன் அண்ணன்