லேப்டாப் பேட்டரியும் காங்கோ சிறுவர்களும்

சென்ற மாதம் என் லேப்டாப்பின் பேட்டரியை மாற்றினேன். பழைய பேட்டரியின் மேல் "லித்தியம் அயன்" என்று அச்சிட்டிருந்தது. புதிதாக லேப்டாப் வாங்கியவர்கள் பலர் இதில் லித்தியம் மட்டும்தான் இருப்பதாக எண்ணுகின்றனர். அப்படி அல்ல. லேப்டாப், மொபைல் போன் பேட்டரிகளின் பாசிட்டிவ் முனை பெரும்பாலும் கோபால்ட் என்ற உலோகம் சேர்த்துச் செய்யப்படுகிறது. சிறிய இடத்தில் அதிக மின்சக்தியைச் சேமிக்க இது உதவுகிறது.

இந்த கோபால்ட் எங்கிருந்து வருகிறது? உலக உற்பத்தியில் பாதிக்கு மேல் ஆப்பிரிக்காவின் காங்கோ ஜனநாயகக் குடியரசிலிருந்துதான். அங்கே பெரிய இயந்திரச் சுரங்கங்கள் உண்டு. கையால் தோண்டுபவர்களும் உண்டு. 2016 ஜனவரியில் அம்னெஸ்டி இன்டர்நேஷனல் வெளியிட்ட அறிக்கை, 7 வயதுச் சிறுவர்கள் கூட தாதுவைப் பொறுக்குவதையும் கழுவுவதையும் மூட்டை சுமப்பதையும் காட்டியது. நாளுக்கு 12 மணி நேரம் வரை வேலை. கூலி 1 அல்லது 2 டாலர். முகமூடி கிடையாது. கோபால்ட் தூசியோ நுரையீரலைக் கெடுக்கும்.

அந்தத் தாதுவை வியாபாரிகள் வாங்கி உருக்காலைக்கு விற்கின்றனர். பத்து வயல் நெல்லை ஒரே களத்தில் கொட்டியது போல, அங்கே எல்லாம் கலந்துவிடும். பின்னர் பேட்டரி செல் தயாரிப்பவர், அதன் பின்னரே கம்ப்யூட்டர் நிறுவனம்.

காயமுற்ற, இறந்த சிறுவர்களுக்காக 2019 டிசம்பரில் ஆப்பிள், ஆல்ஃபபெட், டெல், மைக்ரோசாஃப்ட், டெஸ்லா மீது அமெரிக்காவில் வழக்குப் போட்டனர். சப்ளையர்களிடம் பொருள் வாங்குவது மட்டும் அவர்களோடு கூட்டுத் தொழில் செய்வதாகாது என்று 2024 மார்ச்சில் மேல்முறையீட்டு நீதிமன்றம் கூறிவிட்டது.

சட்டப்படி அது சரியாக இருக்கலாம். எனக்கு மனம் ஒப்பவில்லை. 2006-இல் சோனி செல்கள் தீப்பிடிக்கும் அபாயம் தெரிந்ததும், டெல் நிறுவனம் 41 லட்சம் பேட்டரிகளைத் திரும்பப் பெற்றது. எந்த பேட்டரி என்று நம்பரைப் பார்த்தே சொல்ல முடிந்தது. கலந்துவிட்ட தாதுவுக்கு நம்பர் இல்லைதான். ஆனால் உருக்காலைகளுக்குப் பெயர் உண்டே!

நீங்கள் வாங்கிய நிறுவனத்தின் இணைய தளத்தில் சப்ளையர் பட்டியலைத் தேடிப் பாருங்கள். அதில் கோபால்ட் உருக்காலைகளின் பெயர்கள் இருக்கின்றனவா என்று கவனிக்கவும். 2010-இல் வந்த அமெரிக்கச் சட்டம் வெள்ளீயம், டான்டலம், டங்ஸ்டன், தங்கம் ஆகிய நான்குக்குத்தான் கணக்குக் கேட்கிறது. அதில் கோபால்ட் இல்லை. பெயர்கள் இல்லாவிட்டால் ஒரு இமெயில் அனுப்பிக் கேளுங்கள். நானும் அனுப்பியிருக்கிறேன், பதில் இன்னும் வரவில்லை.

பழைய பேட்டரியைக் குப்பையில் போடாதீர்கள், நசுங்கினால் தீப்பிடிக்கும். மின்னணுக் கழிவு வாங்குபவர்களிடம் கொடுத்தால் அதிலுள்ள கோபால்ட்டைத் திரும்பப் பிரித்தெடுக்க முடியும்.