நம் மனையும் அவற்றின் மனையே

நிலத்தை விலை கொடுத்து வாங்கியவன், எல்லைக் கற்களுக்குள் உள்ள யாவும் தனக்கே உரியன என்று எண்ணுகிறான். பத்திரமும் பட்டாவும் அவன் பெயரில் இருப்பது உண்மையே. ஆயினும், அவன் வருவதற்கு முன்னரே அம்மண்ணில் குடியிருந்த உயிர்கள் எங்கே செல்லும் என்னும் வினா எஞ்சி நிற்கிறது. இல்லறத்தானுக்கு நாள்தோறும் விதிக்கப்பெற்ற ஐந்து மகா யக்ஞங்களுள் பூதயக்ஞம் ஒன்று; பிற உயிர்களுக்கு உணவளித்தல் என்பது அதன் கருத்து. தங்க இடமில்லாத உயிருக்கு ஒரு பிடி அன்னம் மட்டும் இட்டால் போதுமா என்பதை நாம் சிந்தித்தல் வேண்டும்.

கூந்தன்குளம் காட்டும் வழி

வானமாமலையைச் சேவிக்க நாங்குநேரிக்குச் செல்லும் அன்பர்கள், அவ்வட்டத்திலேயே உள்ள கூந்தன்குளம் என்னும் சிற்றூரையும் கண்டு வரலாம். மஞ்சள் மூக்கு நாரையும் கூழைக்கடாவும் குளத்து மரங்களில் மட்டுமன்றி, வீட்டுக் கொல்லைகளில் நிற்கும் மரங்களிலும் கூடு கட்டும் ஊர் அது. எச்சத்தின் நாற்றமும் குஞ்சுகளின் இரைச்சலும் எளிதில் பொறுக்கக் கூடியன அல்ல. எனினும் அவ்வூரார் மரத்தை வெட்டுவதில்லை. பண்டிகை நாளிலும் வெடி வெடிப்பதில்லை. எச்சம் கலந்த குளத்து வண்டலே அவர்தம் வயல்களுக்கு எருவாகிறது. அரசு இதனை 1994இல் சரணாலயமாக அறிவித்தது. பின்னர் இது ராம்சார் ஈரநிலமும் ஆயிற்று. சட்டம் வருமுன்னரே ஊராரின் காவல் இருந்தது என்பதே இங்கு கற்கத்தக்க பாடம்.

நாரை ஏறக்குறைய ஒரு மாதம் அடைகாக்கிறது. அதன் பின்னர் குஞ்சு பறக்க இரண்டு மாதமளவு ஆகிறது. அக்காலத்தில் ஒரு மரம் சாய்ந்தால், அவ்வாண்டின் சந்ததி அதனோடு சாய்கிறது. மரம் மட்டும் நின்று குளம் தூர்ந்தாலும் பயனில்லை. ஆழமற்ற நீரில் மீன் பிடித்தே நாரை தன் குஞ்சுகளை வளர்க்கிறது. ஆகவே ஒருவர் கொல்லை, ஊர்க் குளம், மற்றொருவர் வயல் ஆகிய மூன்றும் சேர்ந்தே ஒரு பறவைக்கு வீடாகின்றன.

சட்டம் தரும் துணை

1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் 2002ஆம் ஆண்டுத் திருத்தத்தால் சமுதாயக் காப்பகம் என்னும் ஏற்பாடு சேர்க்கப்பெற்றது. தனியாரோ சமூகத்தாரோ தாமே முன்வந்து வனவுயிர்களைக் காத்துவரும் நிலத்தை மாநில அரசு அவ்வாறு அறிவிக்கலாம். உரிமையாளரின் விருப்பமே இதற்கு அடிப்படை. அறிவித்த பின், நிர்வாகக் குழுவின் தீர்மானமும் அரசின் ஒப்புதலும் இன்றி நிலத்தின் பயன்பாட்டை மாற்ற இயலாது. பின்வரும் தலைமுறைக்கும் அக்காவல் நிலைக்கும் வழி இதுவாகும்.

நாம் செய்யத்தக்கன

முதலாவது, ஆல், அரசு, இலுப்பை, நாவல், வேம்பு போன்ற பழைய மரங்களை வெட்டாது விடுதல். பட்டுப்போன மரத்தின் பொந்தும் ஆந்தைக்கும் கிளிக்கும் வீடாம். ஆபத்து இல்லாத இடத்தில் அதனை நிற்கவிடலாம்.

இரண்டாவது, வேலியோரத்திலும் வரப்பிலும் ஒரு பகுதியைத் திருத்தாது விடுதல். அங்கு வாழும் சாரைப்பாம்பு எலியைத் தின்று நம் நெல்லைக் காக்கிறது.

மூன்றாவது, சீமைக்கருவேலை அகற்றும்போது, கூடுகள் உள்ள காலத்தைத் தவிர்த்து, நாட்டு மரம் நட்டு வளர்த்த பின்னர்ச் சிறிது சிறிதாக அகற்றுதல்.

நான்காவது, குட்டையைத் தூர்க்காமையும், அதில் பூச்சி மருந்து கலக்க விடாமையும் ஆம்.

இவற்றிற்குப் பெரும்பொருள் வேண்டுவதில்லை. சிறிது பொறுமையே வேண்டும். விழா முடிந்து ஊர் திரும்பும் அன்பர்கள், தத்தம் கொல்லையை ஒருமுறை சுற்றி வந்து, அங்கே யார் யார் குடியிருக்கிறார்கள் என்று காண்பார்களாக. அவர்களை அறிந்த பின், கோடரியை எடுக்கக் கை எளிதில் துணியாது.