நாக்குக் கற்கள் சொன்ன உண்மை

மால்டா தீவின் பாறைகளில் முக்கோண வடிவமான, பளபளப்பான கற்கள் கிடைக்கும். அக்காலத்தவர் அவற்றை ‘நாக்குக் கற்கள்’ என்று அழைத்தனர். அத்தீவில் புனித சின்னப்பரை விரியன் பாம்பு கடித்தும் அவருக்குத் தீங்கு நேரவில்லை என்று அப்போஸ்தலர் பணி நூலில் வாசிக்கிறோம். அதன்பின் கல்லாகிப்போன பாம்பு நாக்குகளே இவை என்று மக்கள் கதை சொன்னார்கள். நஞ்சுக்கு மாற்று என்று நம்பி, கழுத்தில் அணியவும் செய்தார்கள்.

1666-ல் இத்தாலியின் லிவோர்னோ அருகே பெரிய சுறா ஒன்று பிடிபட்டது. அதன் தலை ஃபிளாரன்ஸ் நகரில் இருந்த டென்மார்க் நாட்டு அறிஞர் நிக்கோலஸ் ஸ்டெனோவிடம் அனுப்பப்பட்டது. அதன் பற்களும் நாக்குக் கற்களும் ஒன்றுபோலவே இருப்பதை அவர் கண்டார். அவை பழங்காலச் சுறாக்களின் பற்களே என்று 1667-ல் எழுதினார். 1616-லேயே ஃபாபியோ கொலோன்னா என்பவரும் இதைக் கூறியிருந்தார்.

சுறாவுக்கும் திருக்கைக்கும் உடலில் இருப்பது குருத்தெலும்பு. அது பெரும்பாலும் அழிந்துவிடும். கடினமான பல்லும் முள்ளும் தங்கிவிடும். அவற்றை இனங்காண்பது எப்படி?

சுறாப்பல்: மேற்பகுதி வழவழப்பாக மின்னும், வேர்ப்பகுதி சொரசொரப்பாக இருக்கும்.

திருக்கைப்பல்: சிப்பிகளை நொறுக்கித் தின்னும் திருக்கைகளுக்குப் பற்கள் தட்டையாக, தரையில் ஓடு பதித்தாற்போல் அடுக்கடுக்காக இருக்கும். அடிப்பக்கம் சீப்புப்போல் வரிவரியாகத் தெரியும்.

திருக்கை வால்முள்: நீண்டு தட்டையாக, இரு ஓரமும் ரம்பம்போல் இருக்கும். ரம்பப் பற்கள் முள்ளின் அடிப்பக்கம் நோக்கிச் சாய்ந்திருக்கும்.

எலும்பு மீன்: நடுமுள்ளின் ஒவ்வொரு கணுவிலும் இருபுறமும் கிண்ணம்போல் குழி இருக்கும். அம்மா மீன் நறுக்கும்போது இதை நாமே பார்க்கலாம்.

நமது அரியலூர் வட்டாரப் பாறைகளிலும் சுறாப்பற்கள் கிடைத்துள்ளன. அங்கே ஒரு காலத்தில் கடல் இருந்தது என்பதற்கு அவையும் சாட்சி.

நாக்குக் கதை பொய்த்ததால் வேதாகமம் பொய்க்கவில்லை. அக்கதை மக்கள் சேர்த்துக்கொண்டது. ஸ்டெனோவே 1667-ல் கத்தோலிக்கரானார், 1677-ல் ஆயரானார். 1988-ல் திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் அவரை முத்திப்பேறு பெற்றவராக அறிவித்தார். விசுவாசம் அவருடைய கண்களை மூடிவிடவில்லை.

தோழியரே! வழியில் ஒரு விந்தைக் கல் கிடைத்தால் உடனே பெயர் சூட்டிவிட வேண்டாம். உயிருள்ள ஒன்றோடு ஒப்பிட்டுப் பார்ப்போம். தெரியாவிட்டால் ‘தெரியவில்லை’ என்று சொல்லவும் கற்போம்.