பறவை பாடக் கற்பது எப்படி?



சரக்கும் கணக்குமாய்ப் பொழுது போகும் நமக்குப் பறவையின் பாட்டால் ஆவதென்ன என்று சிலர் கேட்கலாம். சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் கூண்டுப் பறவைகளைப் பாட விட்டுப் போட்டி வைப்பது உண்டு. மெர்போக், மாத்தா பூத்தே, முறாய் பத்து ஆகிய மூன்றையும் நம்மில் பலர் கேட்டிருப்போம். இவற்றுள் மெர்போக் புறா இனத்தைச் சேர்ந்தது. அதன் கூவல் பிறவியிலேயே அமைந்தது. மற்ற இரண்டும் பாடும் பறவை இனம். அவற்றுக்குப் பாட்டு, பிறரிடம் கேட்டுக் கற்றால்தான் வரும். இந்த வேற்றுமையை விளங்கிக் கொண்டால், நம் குழந்தைகளின் பேச்சைப் பற்றியும் முக்கியமான ஒரு சங்கதி விளங்கும்.

1. கேட்கும் பருவம்

இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலையைச் சேர்ந்த வில்லியம் தோர்ப் என்பவர் 1950-களில் ஒரு பரீட்சை செய்தார். சாஃபிஞ்ச் என்னும் சிறு பறவையின் குஞ்சுகளை, தம் இனத்தின் பாட்டே காதில் விழாதபடி வளர்த்தார். அவை வளர்ந்து பாடத்தான் செய்தன. ஆனால் அந்தப் பாட்டில் இனத்துக்குரிய அழகும் ஒழுங்கும் இல்லை.

அமெரிக்காவில் பீட்டர் மார்லர் என்பவர் கலிபோர்னியாவின் வெண்முடிச் சிட்டுகளை ஆராய்ந்தார். ஊருக்கு ஊர் மனிதர் பேச்சு மாறுவது போல, இச்சிட்டுகளின் பாட்டும் இடத்துக்கு இடம் மாறுகிறது என்று அவரும் அவர் துணைவரும் 1964-ல் எழுதினர். குஞ்சு பொரித்த ஏறத்தாழ 10-ம் நாளிலிருந்து 50-ம் நாள் வரை கேட்பதே அதற்கு நன்றாகப் பதிகிறது என்பதும் பின்னர் தெரிந்தது.

2. பழகும் பருவம்

ஆஸ்திரேலியாவின் ஜீப்ரா ஃபிஞ்ச் பறவையில் ஆண் மட்டுமே பாடும். பெரும்பாலும் தகப்பனே அதற்கு ஆசான். ஒரு மாதம் கடந்த சில நாட்களில் குஞ்சு குழறத் தொடங்கும். நாள்தோறும் பலமுறை பாடிப் பாடித் திருத்திக் கொள்ளும். சுமார் 90-ம் நாளில் பாட்டு நிலைத்து விடும்.

எப்படித் திருத்துகிறது? நம் தராசையே எடுத்துக் கொள்ளுங்கள். ஆசானிடம் கேட்டு மனதில் பதிந்த பாட்டு ஒரு தட்டில் படிக்கல்லாக இருக்கிறது. தன் வாயில் வரும் ஓசையை மறுதட்டில் வைத்துக் குஞ்சு நிறுத்துப் பார்க்கிறது. தன் குரல் தன் காதில் விழாவிட்டால் நிறுக்க முடியாது. மசகாசு கொனிஷி என்பவர் 1965-ல் இதை மெய்ப்பித்தார். முன்பே பாட்டைக் கேட்டிருந்தும், பாடத் தொடங்குமுன் செவிப்புலன் நீக்கப்பட்ட சிட்டுகளால் அதைச் சரியாகப் பாட முடியவில்லை. புறாக்களோ, செவிப்புலன் இழந்த பின்னும் வழக்கம் போலவே கூவுகின்றன.

3. மூளையின் வேலை

பறவையின் குரற்கருவி, மூச்சுக்குழல் இரண்டாகப் பிரியும் இடத்தில் இருக்கிறது. அதை ஆளும் மூளைப் பகுதிகளை நியூயார்க்கில் பெர்னாண்டோ நாட்டபோமும் அவர் துணைவர்களும் 1976-ல் கானரிப் பறவையில் கண்டு சொன்னார்கள். எச்.வி.சி. என்னும் பகுதி பாட்டின் வரிசையையும் காலத்தையும் வகுக்கிறது. அதன் கட்டளை ஆர்.ஏ. என்னும் பகுதிக்குச் சென்று, அங்கிருந்து குரல் தசைகளுக்கும் மூச்சுத் தசைகளுக்கும் போய்ச் சேருகிறது.

இதனோடு பழகுவதற்கென்றே மற்றொரு நரம்புப் பாதையும் உண்டு. குஞ்சுப் பருவத்தில் அது பழுதானால் பாட்டு சரியாக அமைவதில்லை. ஜீப்ரா ஃபிஞ்சில், பாட்டு நிலைத்த பிறகு அது பழுதானால் பாட்டுக்குப் பெரிய கேடு வருவதில்லை. ஆகவே கற்பதற்கு ஒரு பாதையும், கற்றதைப் பாடுவதற்கு ஒரு பாதையும் இருக்கின்றன.

பாட்டைக் கேட்டு அறிவதிலும் எச்.வி.சி.க்குப் பங்குண்டு. பறவைக்கு அதன் சொந்தப் பாட்டையே ஒலிக்கச் செய்தால் அங்குள்ள உயிரணுக்கள் கிளர்ச்சி அடைகின்றன. அதே பாட்டைத் தலைகீழாக ஒலித்தால் அவ்வளவு அசைவதில்லை. இன்னொரு விந்தை, 2000-ம் ஆண்டில் வெளியான ஆராய்ச்சி. உறங்கும் ஜீப்ரா ஃபிஞ்சின் மூளையில், பகலில் பாடியபோது எழுந்த அதே நரம்புத் துடிப்புகள் மீண்டும் எழுவதைச் சிகாகோ சர்வகலாசாலையில் கண்டார்கள்.

4. நாம் கொள்ளும் பாடம்

குழந்தையின் பேச்சும் இதைப் போன்றதே. முதலில் கேட்கிறது, பிறகு மழலை பேசுகிறது, தன் குரலைத் தானே கேட்டுத் திருத்திக் கொள்கிறது. அதற்கும் இளம்பருவமே ஏற்ற காலம். ஆகையால் கைக்குழந்தையோடு வீட்டில் தாராளமாகப் பேசுங்கள். கடையிலிருந்து களைத்துத் திரும்பினாலும் நாலு வார்த்தை பேசத் தவறாதீர்கள்.

அழைத்தால் திரும்பாத, ஓசைக்கு அசையாத குழந்தை இருந்தால், "மெதுவாய்ப் பேச்சு வரும்" என்று நாளைக் கடத்த வேண்டாம். உடனே மருத்துவரிடம் காட்டிச் செவிப் பரிசோதனை செய்யுங்கள். பிறந்த சில நாட்களிலேயே இப்பரிசோதனையைச் செய்யும் மருத்துவமனைகள் இன்று உண்டு. கடைச் சரக்கு இந்த மாதம் தவறினால் அடுத்த மாதம் வரும். கேட்டுக் கற்கும் பருவம் போனால், அதை முழுதும் ஈடு செய்வது கடினம்.